பெங்களூரில் வசந்த காலத் தவளைச் சத்தம்: எப்போது, எங்கே கேட்கலாம்?

கேள்வி, 24 மார்ச் 2024

அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஒரு ஆடியோ அனுப்பினாள். பனி உருகியதும் காட்டுக்குள் தேங்கும் குட்டைகளில் தவளைகள் கத்துகின்றன, வசந்தம் வந்ததற்கு அங்கே அதுதான் அடையாளமாம். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு கேட்கப் போகிறார்களாம். நமக்கும் இப்போது வசந்தம்தானே? போன ஞாயிறு சாயங்காலம் துரஹள்ளிக் காட்டு ஓரம் போனோம். ஒரு சத்தமும் இல்லை. பெங்களூரில் தவளையே அழிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யாராவது கேட்டிருக்கிறீர்களா?

24 மார்ச் 2024, இரவு

அழியவில்லை தங்கச்சி. மண்ணுக்குள் இருக்கின்றன.

மார்ச்சில் வசந்தம் என்பது அவர்கள் காலண்டர். பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் நாமே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறோம், தவளைக்கு மட்டும் குட்டை எங்கிருந்து வரும்? அங்கே பனி உருகித் தேங்குகிறது, அதனால் மார்ச், ஏப்ரல். இங்கே தண்ணீர் மேலேயிருந்து கொட்டினால்தான் உண்டு. தவளைக்குத் தேதி தெரியாது. நல்ல மழை ஒன்று அடித்த ராத்திரி போங்கள். அதற்கு முன்னால் போனால் சில்வண்டுதான்.

அக்காவின் ஆடியோவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். வாத்துக் கூட்டம் பேசிக்கொள்வது போல இருக்கிறதே, அது வுட் ஃப்ராக். குளிர்காலத்தில் உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகி, இதயமும் நின்று, இலைச் சருகுக்கடியில் கல் மாதிரி கிடக்கும். பனி விட்டதும் உயிர் வந்து நேரே குட்டைக்குப் போகும். அதற்குப் பின்னால் விடாமல் கீச்சிடுவது ஸ்ப்ரிங் பீப்பர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு சொல்ல மறந்தேன். எங்கள் குளியலறையில் நேற்று ராத்திரி தேரை கத்தியது. டக்... டக்... டக். மரத்தேரை வெயில் காலத்தில் ஈரம் தேடி வீட்டுக்குள் வரும். எனக்கு இந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே பழக்கம், தூக்கத்திலும் தப்பாது.

25 மார்ச்

தேரை இல்லை. குழாயில் வாஷர் போயிருக்கிறது. அடியில் இருந்த பக்கெட் பாதி நிறைந்திருந்தது. ஊரே தண்ணீருக்கு அல்லாடும்போது இவர் சொட்டுவதை ரசித்துக்கொண்டு படுத்திருந்தாராம். வீட்டில் வாங்கிய மீதிப் பாட்டை இங்கே எழுதுவதற்கில்லை.

31 மார்ச்

அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து எழுதிய சார் ஒரு பதிவு போட்டிருக்கிறார்: மழைக்கு முன்னால் ஒன்றும் கேட்காது என்றீர்கள், எங்கள் வளாகத்துக் குளத்தில் தினமும் கேட்கிறதே. ஆடியோவும் சேர்த்திருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் சொன்னது தப்பு.

அது நீர்மேல் தத்தும் தவளை. குளக்கரையில் நாம் நடந்தால் தண்ணீரின் மேலேயே தட்டுத் தட்டென்று குதித்துப் போகுமே, சில்லு எறிந்தது போல, அதுதான். அதற்கு மழை தேவையில்லை, வற்றாத தண்ணீர் போதும். சுத்திகரித்த கழிவு நீர் விடும் குளமாக இருந்தாலும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கத்தும். குரல் அழகு என்று சொல்லமாட்டேன். இரண்டு கூழாங்கல்லை வேக வேகமாக உரசினால் வரும், கூடவே வயிறு கடமுடா என்பது போல ஒரு சேர்ப்பு.

ஆக, என் விதியைத் திருத்திக்கொள்கிறேன். நிரந்தரத் தண்ணீரில் இருப்பவை எப்போதும் கத்தும். மழைக் குட்டையை நம்பி இருப்பவை மழைக்குத்தான் கத்தும். தங்கச்சி கேட்டது இரண்டாவது வகை.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லாம் வேறு இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். வடை சாப்பிட்டுப் படுத்தவனுக்கு ஒரு வரி நினைவுக்கு வந்தது. ஐங்குறுநூற்றில் உள்ளது: ‘வரிநுணல் கறங்கத் தேரை தெவிட்ட’. அடுத்தபடியே கார், அதாவது மழைக்காலம், தொடங்கிவிட்டது என்று வரும். பள்ளியில் தமிழ் ஆசிரியர் இதைத் தலைவன் திரும்பி வரும் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது பார்த்தால், பாடியவர் காது வைத்துக் கேட்டிருக்கிறார். இரண்டு பிராணி, இரண்டு வினைச்சொல். நுணல் கறங்குகிறது, பறை ஒலிக்குச் சொல்லும் சொல் அது. தேரை தெவிட்டுகிறது. நாம் எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கத்துது’ என்கிறோம்.

தேரை என்றால் எது என்று சண்டை வேண்டாம். எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்தில் சுவரில் ஒட்டும் வெளுத்த மரத்தேரையைத்தான் சொல்வார்கள், முதுகு கரடுமுரடானது சொறித் தவளை. உங்கள் ஊரில் மாற்றிச் சொல்லலாம். அந்தப் புலவர் எதைச் சொன்னாரோ.

இதை எழுதியது என் கட்சிக்கு ஆதரவாக. தமிழில் தவளைச் சத்தம் காருக்கு உரியது, வசந்தத்துக்கு இல்லை.

28 ஏப்ரல்

38 டிகிரியைத் தாண்டிவிட்டது. பெங்களூரில்! வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட வரிசையில் நின்றபோதே தலை சுற்றியது. எங்கள் பக்கம் இந்த மாதம் மண் நனையும்படி ஒன்றும் விழவில்லை. தவளையைப் பற்றி யாரும் கேட்கவேண்டாம்.

8 மே

வந்தது!

இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. நேற்று எட்டு மணிக்கு நின்றது. ஒன்பதுக்கு நானும் பக்கத்து வீட்டுப் பையனும் கனகபுரா சாலையிலிருந்து உள்ளே போய், காட்டு ஓரத்து மண்பாதையில் நின்றோம். காட்டுக்குள் போகவில்லை. இருட்டிய பின் விடமாட்டார்கள், விட்டாலும் நான் போகமாட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் தைல மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளம் உண்டு. போன வாரம் அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நேற்று முழங்கால் வரை செம்மண் தண்ணீர்.

நாங்கள் போனதும் எல்லாம் கப்சிப். டார்ச்சை அணைத்துவிட்டு நின்றோம். பையனுக்குப் பொறுமை இல்லை, இரண்டு நிமிஷத்தில் கைப்பேசியை எடுத்தான், வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். நாலைந்து நிமிஷம் கழித்து எங்கோ ஒன்று ஆரம்பித்தது. சீப்புப் பல்லை நகத்தால் வருடினால் வருமே, கிர்ரிக் கிர்ரிக். அதற்கு ஒன்று பதில் சொன்னது. பத்து விநாடியில் பள்ளம் முழுக்க. காது அடைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகை இல்லை. குறுவாய்த் தவளை. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உடம்பு. தொண்டைப் பை ஊதினால் உடம்பு அளவுக்கு வருகிறது.

முதல் ஐந்து நிமிஷம் இது மட்டும்தான் கேட்டது. அப்புறம் காது பழகியது. சீப்புச் சத்தத்துக்கு அடியில் நீளமாக ஒன்று, கர்ர்ர்ர்ர்ர்ர் என்று மூச்சு விடாமல், பழைய ஆபீஸ் டெலிபோன் அறைக்கு வெளியே அடிப்பது போல. அது சொறித் தவளை, கரையோரம். மேலேயிருந்து, அதாவது நம் தோள் உயரத்துப் புதரிலிருந்து, தாயக்கட்டையைத் தரையில் தட்டுவது போல டக், டக், டக்டக்டக். மரத்தேரை. இந்த முறை குழாய் இல்லை, பையன் சாட்சி.

எல்லாம் ஆண்கள்தான். பெண் சத்தமில்லாமல் வந்து, பிடித்த குரலைத் தேடிப் போகும். இன்னொன்று பையனுக்குச் சொன்னேன், அவன் நம்பவில்லை: வாயை மூடிக்கொண்டுதான் கத்தும். மூக்கையும் மூடிக்கொள்ளும். நுரையீரலில் இருக்கும் காற்றைத் தொண்டைப் பைக்குத் தள்ளி, திரும்ப உள்ளே இழுத்து, அதே காற்றை வைத்து ராத்திரி முழுக்க ஓட்டும். டார்ச் அடித்துக் காட்டியதும் நம்பினான்.

9 மே

நேற்றையதில் ஒரு திருத்தம். பள்ளத்துக்கு வலது பக்கம் கேட்டது குறுவாய்த் தவளை இல்லை, பூச்சி. பதிவை வீட்டில் ஹெட்போனில் கேட்டால் தெரிகிறது. பூச்சி ஒரே சீராக, மெஷின் மாதிரி, நிறுத்தாமல் போகிறது. தவளை விட்டு விட்டு, பக்கத்தில் இருப்பவனோடு போட்டி போட்டு, ஒருவன் முந்தினால் மற்றவன் வேகம் கூட்டி. நடந்து கிட்டே போய்ப் பாருங்கள். தவளைகள் அத்தனையும் ஒன்றாக நிறுத்தும், சில்வண்டு அவ்வளவாகச் சட்டை செய்யாது.

குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி கேட்டிருந்தார் ஒருவர். தனியாளாகச் சிரமம். இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, சத்தம் வரும் திசையில் ஆளுக்கொரு கையை நீட்டுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் டார்ச் அடியுங்கள். எங்களுக்கு மூன்றில் ஒன்று பலித்தது. ஒரு முறை வெட்டிய இடத்தில் பையனின் செருப்பு இருந்தது, தவளை அதற்கு அடியில்.

செருப்பு என்றதும் நினைவு வருகிறது: ஷூ போட்டுப் போங்கள். தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் வரும், அந்தப் பக்கத்தில் கண்ணாடி விரியன் உண்டு. கொசு மருந்து பூசிய கையால் தவளையைத் தொடவேண்டாம், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். தொடாமலே இருப்பது உத்தமம்.

12 மே

மழை நின்ற மூன்றாம் நாள். நேற்றும் அதே இடத்துக்குப் போனேன். ஒரே ஒரு சொறித் தவளை. மற்றவை வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டன.

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மார்ச் 24 அன்று தங்கச்சியிடம் ‘இது வசந்தம் இல்லை’ என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஏப்ரல் 14 அன்று சங்கப் பாட்டையும் இழுத்தேன். ஆனால் இன்றைக்குச் சித்திரை 29. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மூன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்தோம். பாடப்புத்தகத்தில் மாஞ்சாரல் என்று படித்தோமே, கர்நாடகத்தில் கோடையில் பெய்வது, அந்த மழைக்குத்தான் இவை வெளியே வந்தன. தமிழ்நாட்டுக் காருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பெங்களூர்த் தவளை வசந்தத்தில்தான் கத்துகிறது. நம் வசந்தத்தில். கேள்வி சரி, நான்தான் மார்ச்சில் தேடினேன்.

(‘நாங்கள்தான் மார்ச்சில் தேடினோம், நீங்கள் இல்லை’ என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். சரி, சரி.)

19 மே

‘பெங்களூர் பெயரிலேயே ஒரு தவளை உண்டாமே’ என்று கேட்டவருக்கு: உண்டு. ஸ்ஃபீரோதீகா பெங்களூரு, 2020இல் பெயர் வைத்தார்கள். நகரத்துக்கு வடக்கே ராஜனகுண்டே பக்கத்தில் கட்டாந்தரையில் கிடைத்தது. கன்னடத்தில் குண்டே என்றால் சின்னக் குட்டை. நம் ‘குண்டும் குழியும்’ அதற்குச் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும், மொழி அறிந்தவர்கள் தலையிடலாம்.

மண் தோண்டும் வகை அது. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு. முன்பக்கமாகத் தோண்டாது, உட்கார்ந்தபடியே பின்பக்கமாகச் சுழன்று சுழன்று இறங்கும், ஸ்க்ரூ இறங்குவது போல. வறண்ட மாதங்களை அடியிலேயே கழிக்கும். மழை இறங்கினால் மேலே வரும்.

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பதற்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. பாட்டி ‘தவளை தன் வாயால் கெடும்’ என்றுதான் சொல்வாள், அதிகப் பேச்சுக்குத் தலையில் குட்டிக்கொண்டே. முழுதாகச் சொன்னால், ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்’ என்று தொடங்கும். எல்லாத் தவளையும் மணலுள் முழுகாது. சொன்னவர் இந்த மண் தோண்டும் ஆளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பழமொழி பாதிக் கதைதான். கத்தாவிட்டால் பாம்பு வராது, உண்மை. பெண்ணும் வராது. என்ன செய்யும் அது?

3 ஜூன்

நேற்று ஞாயிறு, ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரு நாளில் இவ்வளவு பெய்தது 133 வருஷத்தில் இல்லையாம். 1891இன் சாதனை போச்சு. மரங்கள் விழுந்து, கரண்ட் போய், வீட்டுக்கு வரும் வழியில் கணுக்கால் சாக்கடையில். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, எங்கள் தெருவில் ஜெனரேட்டரே கிடையாது. எதிர் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் கட்டிக்கொண்டு, அதற்குள் நாலு பெருந்தவளை. ம்ர்ராங், ம்ர்ராங். கயிற்றைச் சுற்றி இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் பம்பு செட்டு. டார்ச் அடித்ததும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எலுமிச்சை மஞ்சள்! தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை. சாதாரணமாக இது பாசி நிறத்தில் வரப்பில் உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இனப்பெருக்க நாட்களில் மட்டும் ஆணுக்கு இந்த வேஷம், அதுவும் கொஞ்ச நாள்தான்.

இதை வைத்து எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால், மாமாக்கள் பெட்ரோமாக்ஸ் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள். வெளிச்சத்தில் பெருந்தவளை அசையாமல் உட்காரும். பிடித்துச் சாக்கில் போடுவார்கள். சாக்கின் வாயைப் பிடித்தது நான். மறுநாள் ஒருவர் சைக்கிளில் வந்து எடை போட்டு வாங்கிப் போவார், கால்கள் வெளிநாட்டுக்குப் போகும் என்பார்கள். 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதற்கு முன் எத்தனை சாக்கு பிடித்தேன் என்று எண்ணவில்லை. சாக்குக்குள்ளிருந்தும் ஒன்றிரண்டு கத்தும், அது நினைவிருக்கிறது.

6 ஜூன்

தெருவில் பஞ்சாயத்து. ராத்திரி தூங்க முடியவில்லை என்று மாடி வீட்டு அங்கிள். கொசு வரும், டெங்கு வரும், மண்ணைக் கொட்டி மூடவேண்டும் என்று எதிர் வீட்டு அம்மா. முதலில் எனக்குக் கோபம். அப்புறம் யோசித்தேன், அந்த அம்மாவின் பேரனுக்குப் போன வருஷம் டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவரிடம் போய்த் தவளையின் அழகைப் பேச முடியுமா?

பேசியது வேறு. டெங்குக் கொசு பெரும்பாலும் டயர், பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, மூடாத டிரம் இவற்றில்தான் முட்டை வைக்கும் என்றேன். பையனைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்தோம். டிரம் மட்டும் ஏழு, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வாங்கி மூடாமல் விட்டவை. அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது. அதை முதலில் கவிழ்த்தேன்.

குட்டை இரண்டு வாரத்துக்குத் தப்பித்தது. அங்கிளுக்கு என்னிடம் பதில் இல்லை. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன், முறைத்தார்.

15 ஜூன்

தப்பிக்கவில்லை. யாரோ நல்ல எண்ணத்தில் கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று ஒரு கவர் மீன் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மீன் கொசுப் புழுவோடு நிற்காது, தவளை முட்டையையும் சின்னத் தலைப்பிரட்டையையும் சேர்த்து முடிக்கும்.

அக்கா ஊரில் காட்டுக் குட்டையைத் தேடித் தவளை போவதும் இதனால்தான். கோடை முடிவதற்குள் வற்றிவிடுகிற குட்டையில் மீன் குடியிருக்க முடியாது. பக்கத்திலேயே பெரிய ஏரி இருந்தாலும் அது ஏன் இந்தச் சேற்றுப் பள்ளத்துக்கு வருகிறது என்று கேட்டிருந்தீர்களே, இதுதான் பதில். வற்றுவதுதான் அந்தக் குட்டையின் சிறப்பு. ஆபத்தும் அதுவே, தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதற்குள் வற்றிவிட்டால் போச்சு.

இங்கே ஏரியை ‘அழகுபடுத்துகிறேன்’ என்று கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, மீனும் விடுகிறார்கள். ஓரத்துச் சேறும் புல்லும் போய்விடுகின்றன. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான், எங்கள் மாடிக்குக் கேட்ட சத்தம்... விடுங்கள், இதை ஆரம்பித்தால் நிற்காது.

23 ஜூன்

கனகபுரா சாலைப் பள்ளத்தைப் பகலில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது, மீன் இல்லை. குறுவாய்த் தவளையின் தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே குடல் தெரியும். குனிந்து பார்த்தால் கண்கள் மட்டும் மிதப்பது போல. புதரில் தண்ணீருக்கு மேல் தேரையின் நுரைக் கூடு மூன்று, சவரக் கிரீமை அப்பியது போல. முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழவேண்டும். மூன்றில் ஒன்றுக்கு அடியில் தண்ணீர் வற்றிச் சேறாக இருந்தது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது. ஊற்றலாமா என்று யோசித்தேன். ஊற்றினேன். ஒரு லிட்டரால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான்.

தங்கச்சியும் குழந்தைகளும் போன சனிக்கிழமை அங்கே போய்க் கேட்டார்களாம். ‘அக்கா ஆடியோவைவிட நம்முடையது சத்தம் ஜாஸ்தி’ என்று எழுதியிருக்கிறார். அக்காவுக்குப் பதில் ஆடியோவும் போய்விட்டதாம்.

14 ஜூலை

ராத்திரி பதினொன்றரை. குளியலறையில் டக், டக், டக்டக்டக். மார்ச்சில் மாற்றிய வாஷர் மறுபடி போய்விட்டது என்று வீட்டில் ஒரே புலம்பல், காலையில் பிளம்பரை வரச் சொல்லியாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். கெய்சருக்குப் பின்னால் வெளுப்பாக ஒன்று, கால்களை மடக்கிக்கொண்டு, தொண்டை துடிக்க. குழாய் காய்ந்திருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை, வந்து படுத்துவிட்டேன். பிளம்பர் வந்தே சொல்லட்டும்.